லைராவுக்கு எது தெரியக் கூடாது?



பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் மாயக்கதை நூல்வரிசை ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கும்போது எதைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம்? இன்று நான் பேச வந்தது இதைப் பற்றி. வழக்கமாக இந்தப் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். புத்தகத்தில் இருந்த அந்தக் காட்சி எங்கே? அந்தப் பாத்திரத்தை ஏன் வெட்டினார்கள்? அவளுடைய தலைமுடி வேறு நிறமாயிற்றே? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். வாசகர் அன்பினால் கேட்கும் கேள்விகள். ஆனால் எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. கதைக்குள் இருக்கும் குழந்தைக்கு எது தெரியும், எது தெரியாது, தெரியாதது எப்போது தெரியவருகிறது? காட்சிகள் கூடலாம், குறையலாம். இந்தக் கணக்கு தப்பினால் கதை வேறு கதையாகிவிடுகிறது.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் முதன்மையான சான்று பிலிப் புல்மன் எழுதிய 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' என்ற மூன்று நூல்கள். முதல் நூலான 'நார்தர்ன் லைட்ஸ்' 1995-இல் வந்தது. இரண்டாவது 1997-இல். மூன்றாவது 2000-இல் வெளியாகி, விட்பிரெட் விருதுகளில் ஆண்டின் சிறந்த நூல் என்ற பரிசைப் பெற்றது. குழந்தைகளுக்கான ஒரு நூல் அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. லண்டன் நேஷனல் தியேட்டரில் இந்தக் கதையை நாடகமாக்கினார்கள். 2007-இல் முதல் நூல் மட்டும் 'தி கோல்டன் காம்பஸ்' என்று திரைப்படமாயிற்று. பிறகு பிபிசியும் எச்பிஓவும் சேர்ந்து 2019 முதல் 2022 வரை மூன்று பருவங்களாக, மொத்தம் 23 பகுதிகளில் தொலைக்காட்சித் தொடராகக் கொண்டுவந்தன. ஒரே கதை மேடைக்கும் பெரிய திரைக்கும் சின்னத்திரைக்கும் போய்வந்திருப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கிறது.

கதை தெரியாத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லைரா பதினொரு பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவள் வாழ்வது ஆக்ஸ்ஃபோர்டில். ஆனால் நம் உலகத்து ஆக்ஸ்ஃபோர்டு அன்று. அவளுடைய உலகத்தில் ஒவ்வொரு மனிதரின் ஆன்மாவும் ஒரு விலங்கின் உருவில் கூடவே நடமாடும். அதற்கு டீமன் என்று பெயர். அது பேசும், சண்டை போடும், பயந்தால் சட்டைக்குள் ஒளிந்துகொள்ளும். பிள்ளைகளின் டீமன் நினைத்தபோது உரு மாறும். இந்த நிமிடம் விட்டில்பூச்சி, அடுத்த நிமிடம் பூனை. பிள்ளை வளர்ந்து பருவம் எய்தும்போது அது ஓர் உருவத்தில் நிலைத்துவிடும். லைராவின் டீமன் பெயர் பான்டலைமன்.

முதல் நூலின் முதல் காட்சியில், லைரா தான் வளரும் ஜோர்டன் கல்லூரியில் நுழையக் கூடாத அறை ஒன்றில் நுழைந்து, அகப்பட்டுக்கொள்ளும் நேரத்தில் அங்குள்ள அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறாள். கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறாள். கல்லூரித் தலைவர் மதுக்குடுவையில் எதையோ கலக்கிறார். அதைக் குடிக்கப்போகிறவர் அவள் பெரியப்பாவோ சித்தப்பாவோ என்று அவள் நம்பிக்கொண்டிருக்கும் அஸ்ரியல் பிரபு. நாமும் அவளோடு அலமாரிக்குள் இருக்கிறோம். அவளுக்குத் தெரிகிற அளவே நமக்கும் தெரிகிறது. அறிஞர்கள் வந்து உட்காருகிறார்கள், அஸ்ரியல் வடக்கே எடுத்த படங்களைத் திரையில் காட்டுகிறார், 'டஸ்ட்' என்ற சொல் அடிபடுகிறது. அது என்னவென்று யாரும் விளக்குவதில்லை. பெரியவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்கும் பிள்ளைக்கு யார்தான் விளக்கம் சொல்வார்கள்?

புல்மன் ஆக்ஸ்ஃபோர்டில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஹோமரின் கதைகளை, புத்தகத்தைப் பார்த்து வாசிக்காமல், வாயாலேயே வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிவந்தவர். பெர்சி ஜாக்சன் கதைகளை எழுதிய ரிக் ரயர்டனும் அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதற்கே சிரமப்பட்ட தன் மகனுக்கு இரவில் கிரேக்கக் கதைகளைச் சொல்லி, அவை தீர்ந்துபோனதும் புதிதாக ஒன்றை இட்டுக்கட்டியதில் பிறந்ததுதான் பெர்சி ஜாக்சன். இரண்டு பேரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதை சொன்னவர்கள். நம் ஊரில் கதை சொல்லும் பாட்டிமார்களுக்குப் பிள்ளை 'உம்' கொட்டும் குரலே போதும். குரல் தளர்ந்தால் ஒரு முடிச்சைப் போடுவார்கள். குரல் பதறினால் அந்த முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள். அவிழ்ப்பதை நாளைக்கு வைத்துக்கொள்வார்கள். எதை எப்போது சொல்லாமல் இருப்பது என்பது இவர்களுக்குக் கைவந்த கலை.

திரைக்காரர்களுக்கு இந்தக் கலை பயத்தைத் தருகிறது. 2007-ஆம் ஆண்டுப் படம் எப்படித் தொடங்குகிறது, தெரியுமா? பின்னணிக் குரல் ஒன்று உலகங்கள் பல உண்டு என்கிறது, டீமன் என்றால் என்ன என்கிறது, டஸ்ட் என்றால் என்ன என்கிறது, உண்மையைச் சொல்லும் கருவியான அலித்தியோமீட்டரைப் பற்றியும் சொல்லி முடித்துவிடுகிறது. லைரா ஒரு புத்தகம் முழுக்க அலைந்து திரிந்து, பனியில் உறைந்து, நண்பனை இழந்து அறிந்துகொள்ள வேண்டியதைப் பார்வையாளர் நாற்காலியில் சாய்ந்த சில நிமிடங்களில் கையில் கொடுத்துவிட்டார்கள். அதோடு நூலின் கடைசி அத்தியாயங்களைப் படமாக்கியும் விட்டு, படத்தில் சேர்க்காமல் அடுத்த படத்துக்கென்று ஒதுக்கிவைத்தார்கள். அடுத்த படம் வரவே இல்லை. காட்சி நுட்பத்துக்கான ஆஸ்கார் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். கரடிகளும் டீமன்களும் அவ்வளவு அழகு. ஆனால் லைரா என்ன செய்துவிட்டாள் என்பதை அந்தப் படம் பார்த்தவர்களால் அறிந்துகொள்ளவே முடியாது.

அவள் என்ன செய்தாள் என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். புத்தகத்தைப் படிக்கவிருக்கும் பிள்ளைகள் என்னை மன்னிக்க வேண்டும். அலித்தியோமீட்டரை அஸ்ரியலிடம் சேர்க்கவும், காணாமல்போன தன் நண்பன் ரோஜரை மீட்கவும் லைரா வடக்கே போகிறாள். வழியில் ரோஜரை மீட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு அஸ்ரியலிடம் போகிறாள். கதவு திறக்கிறது. அவளைப் பார்த்ததும் அஸ்ரியல் நடுங்கிப் பின்வாங்குகிறார். அவளுக்குப் பின்னால் நிற்கும் ரோஜரைப் பார்த்தபிறகு அந்த நடுக்கம் அடங்கிவிடுகிறது. வேறு உலகத்துக்கு வழி திறக்க அவருக்கு ஒரு குழந்தை தேவைப்பட்டது. குழந்தையையும் டீமனையும் பிரிக்கும்போது வெளிப்படும் ஆற்றல் தேவைப்பட்டது. லைரா கொண்டுவந்து சேர்த்த பொருள் கருவியன்று, ரோஜர்.

இந்த இடத்தில்தான் நான் முதலில் சொன்ன கணக்கு முழுதாகப் புரிகிறது. நூலின் தொடக்கத்திலேயே, லைரா அறையை விட்டுப் போனபிறகு கல்லூரித் தலைவரும் நூலகரும் தனியே பேசிக்கொள்கிறார்கள். அவளுக்குப் பெரிய பங்கு ஒன்று இருக்கிறது, அதை அவள் தெரியாமலே செய்தாக வேண்டும், அதில் ஒரு துரோகமும் அடங்கியிருக்கிறது, துரோகம் செய்பவள் அவளே, இவ்வளவும் நமக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. லைராவுக்குத் தெரியாது. அப்படியானால் புல்மனும் முன்கூட்டிச் சொல்லிவிட்டாரே என்று கேட்கலாம். சொன்னார். ஆனால் எதைச் சொன்னார் என்று பாருங்கள். துரோகம் உண்டு என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. நமக்குக் கிடைத்த இந்த அரைகுறைச் செய்தி நம்மை லைராவிடமிருந்து விலக்குவதில்லை, அவள் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நம்மைப் பதறவைக்கிறது. ஆகவே பார்ப்பவருக்குக் குழந்தையைவிடக் கூடுதலாகத் தெரியவே கூடாது என்று நான் வாதிடவில்லை. கூடுதலாகத் தெரிந்தது நம்மைக் குழந்தையின் பக்கத்தில் உட்காரவைக்கிறதா, பெரியவர்களின் மேசைக்கு எழுப்பிக்கொண்டு போய்விடுகிறதா என்பதே என் கேள்வி.

இப்போது பிபிசி தொடருக்கு வருகிறேன். திரைக்கதையின் பெரும்பகுதியை எழுதியவர் ஜாக் தோர்ன். தயாரித்தது வேல்ஸைச் சேர்ந்த பேட் உல்ஃப் நிறுவனம். கார்டிஃப் நகரத்துப் படப்பிடிப்புத் தளங்களில் ஜோர்டன் கல்லூரியைக் கட்டினார்கள். லைராவாக டாஃப்னி கீன். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த முரட்டுத்தனமும், பொய் சொல்லும்போது கண்ணில் வரும் வெளிச்சமும் என் மனத்தில் இருந்த லைராவுக்கு மிக நெருக்கம். ஆனால் முதல் காட்சி அலமாரியில் தொடங்கவில்லை. வெள்ளம் சூழ்ந்த இரவில் அஸ்ரியல் கைக்குழந்தையான லைராவைத் தூக்கிக்கொண்டு வந்து கல்லூரியில் ஒப்படைப்பதில் தொடங்குகிறது. அது புல்மன் 2017-இல் வெளியிட்ட வேறொரு நூலில் வரும் நிகழ்ச்சி. காட்சி நன்றாகவே இருக்கிறது. ஆனால் லைரா பிறந்த கதை லைராவுக்குத் தெரியாது. பின்னால் ஜிப்ஷியன் மக்களின் தலைவர் ஜான் ஃபா எடுத்துச் சொல்லும்போதுதான் நூலில் அவள் அறிகிறாள். அஸ்ரியல் தன் தந்தை, தான் அஞ்சி ஓடிவந்த திருமதி கூல்டர் தன் தாய் என்று அந்த நிமிடத்தில் அவள் தலையில் இடி இறங்குகிறது. முதல் காட்சியில் அந்தக் கைக்குழந்தையைப் பார்த்துவிட்ட நமக்கு அது இடியாக இருக்க முடியாது.

இரண்டாவது பகுதியில் இதைவிடப் பெரிய முடிவை எடுத்தார்கள். போரியல் பிரபு என்பவர் ஒரு திறப்பின் வழியாக நுழைந்து, கார்களும் கைப்பேசியும் உள்ள நம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்துவிடுகிறார். நூலில் நம் உலகம் எட்டிப்பார்ப்பது இரண்டாம் புத்தகத்தின் முதல் பக்கத்தில்தான். முதல் புத்தகத்தை முடித்து, அடுத்ததைத் திறந்து, வில் என்ற புதுப் பையன் நாம் அறிந்த சாதாரணத் தெருவில் நிற்பதைக் காணும்போது கால்கீழ்த் தரை நகர்ந்ததுபோல் இருக்கும். அதே நூலில் லைரா அருங்காட்சியகத்தில் ஒரு கனவானைச் சந்திக்கிறாள். எங்கோ பார்த்த முகம் என்று அவளுக்கு உறுத்துகிறது. யாரென்று பிடிபடுவதற்குள் அவர் அலித்தியோமீட்டரைத் திருடிவிடுகிறார். அவர்தான் போரியல். தொடரைப் பார்த்தவர்களுக்கு அவரை முதல் பருவத்திலிருந்தே தெரியும், அவர் வீடு தெரியும், அவர் ஆட்கள் தெரியும். லைரா அவர் காரில் ஏறும்போது அவளுக்காகப் பயப்படுகிறோம், உண்மைதான். ஆனால் அவளோடு சேர்ந்து நினைவைத் துழாவ முடியாது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? அறியாமையாலோ அலட்சியத்தாலோ அன்று. இந்தத் தொழிலுக்கென்று சில நெருக்கடிகள் உண்டு. முதலாவது, குழந்தை நடிகரின் நேரம். பிரிட்டனில் பள்ளி வயதுப் பிள்ளை நடிக்க உள்ளாட்சி அமைப்பின் உரிமம் வேண்டும். கூடவே ஒரு பாதுகாவலர் இருக்க வேண்டும். படிப்பு நடக்க வேண்டும். ஒரு நாளில் சில மணி நேரத்துக்கு மேல் கேமராவின் முன்னால் நிறுத்த முடியாது. சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் புத்தகத்தில் லைரா ஏறக்குறைய எல்லாப் பக்கங்களிலும் இருக்கிறாள். தளத்தில் அப்படி இருக்க முடியாது. மீதி நேரத்தில் பெரியவர்களின் காட்சிகள் எடுக்கப்படுகின்றன. எடுத்த காட்சிகளில் பெரியவர்கள் என்ன பேசுவார்கள்? தங்களுக்குத் தெரிந்ததைத்தான் பேசுவார்கள்.

இரண்டாவது, யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி. பிபிசி இதை ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குக் குடும்பம் முழுவதும் கூடியிருக்கும் நேரத்தில் ஒளிபரப்பியது. எச்பிஓ திங்கள் இரவு ஒன்பது மணிக்கு, பெரியவர்கள் பார்க்கும் நேரத்தில் ஒளிபரப்பியது. ஒரே தொடர் இரண்டு வீடுகளுக்கும் போக வேண்டும். மூன்றாவது, வில். இரண்டாம் பருவத்தின் பாதிக் கதை அவன் தோளில். முதல் பருவம் முழுக்க அவனைக் காட்டாமல் இருந்துவிட்டு, ஓராண்டு இடைவெளிக்குப் பிறகு புது முகமாகக் கொண்டுவந்தால் மக்கள் ஏற்பார்களா என்ற அச்சம் தயாரிப்பாளர்களுக்கு இருந்தே தீரும்.

வில்லை முதல் பருவத்திலேயே கொண்டுவந்த முடிவுக்கு ஒரு பலன் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பருவத்தின் கடைசி நிமிடங்களில் லைரா ரோஜரை இழந்து, தந்தை திறந்த வழியில் தனியே நடந்துபோகிறாள். அதே நேரத்தில் வில் துரத்துகிறவர்களிடமிருந்து தப்பி, தன் உலகத்தில் இருக்கும் திறப்பு ஒன்றில் நுழைகிறான். இருவரும் ஒருவரையொருவர் அறியார். இரு பிள்ளைகளின் அறியாமை அங்கே பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுகிறது. புத்தகம் செய்ய முடியாத ஒன்று அது. வாரக்கணக்கில் செலவிட்ட ரகசியத்துக்கு அந்த ஒரு காட்சி பெருமளவு ஈடுகட்டிவிட்டது என்றே நினைக்கிறேன்.

டீமன்களைப் பற்றி நிறையவே பேசலாம். படப்பிடிப்பில் பொம்மலாட்டக் கலைஞர்கள் பொம்மைகளை ஏந்தி, டீமனாக நடிகர்களோடு உரையாடுவார்கள். பிறகு ஃப்ரேம்ஸ்டோர் நிறுவனத்தார் கணினியில் விலங்கை வரைந்து அந்த இடத்தில் வைப்பார்கள். டாஃப்னி கீன் ஒரு வெற்றிடத்தைப் பார்த்துப் பேசவில்லை, எதிரே ஓர் உயிர் அசைந்தது. அதனால்தான் லைராவும் பான்டலைமனும் சண்டையிட்டுக்கொள்ளும் காட்சிகளில் அவ்வளவு உண்மை. ஆனால் கூட்டக் காட்சிகளில் பலரோடு டீமன் கண்ணில் படுவதில்லை. செலவு என்ற காரணம் புரிகிறது. எனினும் இந்தச் சிக்கனம் கதையின் நரம்பைத் தொட்டுவிடுகிறது. வடக்கே போல்வாங்கர் என்ற இடத்தில் பிள்ளைகளையும் டீமன்களையும் வெட்டிப் பிரிக்கிறார்கள். டீமன் இல்லாத மனிதரைக் காண்பது தலையில்லாத உடல் நடந்துவருவதைக் காண்பதற்குச் சமம் என்று நாம் உணர வேண்டும். அதற்கு அதுவரை ஒரு மனிதரையும் டீமன் இல்லாமல் பார்த்திருக்கவே கூடாது.

புத்தகத்தில் வெட்டப்பட்ட பையனை லைரா கண்டெடுக்கும் இடம் என்னால் மறக்க முடியாதது. அவன் டோனி மக்காரியோஸ் என்ற ஏழைப் பையன். ஒரு காய்ந்த மீனைத் தன் டீமன் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கிறான். அவன் இறந்தபிறகு அந்த மீனையும் யாரோ எடுத்து நாய்க்குப் போட்டுவிட, லைரா கோபத்தில் கொதித்து, ஒரு பொற்காசில் அவன் டீமனின் பெயரைக் கீறி அவன் வாயில் வைக்கிறாள். யாரும் சொல்லாமலே, கல்லூரி அறிஞர்களுக்கு உரிய ஒரு சடங்கை ஒரு சிறுமி தானாகவே அவனுக்குச் செய்கிறாள். தொடரில் டோனிக்குப் பதிலாக பில்லி கோஸ்டா வருகிறான். அவனுக்கு ஒரு தாய் இருக்கிறாள், அண்ணன் இருக்கிறான், அவர்களை நாம் பல வாரங்களாக அறிவோம். தாயின் மடியில் அவன் அடங்கும்போது பார்ப்பவர் கண் கலங்கும். எனக்கும் கலங்கியது. ஆனால் துயரம் லைராவின் கையிலிருந்து தாயின் கைக்கு, அதாவது மீண்டும் ஒரு பெரியவர் கைக்குப் போய்விட்டது. நாதியற்ற ஒரு பையனுக்காக ஒரு சிறுமி செய்த அந்தச் சிறு மரியாதை கதையில் இல்லாமலே போயிற்று.

பெரியவர்களுக்கு இடம் கொடுத்ததெல்லாம் பிழை என்று நான் சொல்லிவிட்டால் ரூத் வில்சனுக்கு அநீதி செய்தவனாவேன். அவர் நடித்த திருமதி கூல்டர் இந்தத் தொடரின் ஆகப் பெரிய சாதனை. அவருடைய டீமனான பொன்னிறக் குரங்கு பேசுவதே இல்லை. அவர் அதை அடிக்கிறார், அது ஒடுங்குகிறது. தன் ஆன்மாவைத் தானே அடிப்பது என்றால் என்ன என்று நமக்குக் காட்டிவிடுகிறார், ஒரு விளக்கமும் சொல்லாமல். இரண்டாம் பருவத்தில் அவர் நம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து மேரி மலோன் என்ற பெண் விஞ்ஞானியைச் சந்திக்கிறார். இது புத்தகத்தில் இல்லை. ஒரு பெண் இங்கே முனைவர் பட்டம் வாங்கலாம், தன் பெயரில் ஆய்வு செய்யலாம் என்று அறிந்ததும் அவர் முகத்தில் பொறாமையும் துக்கமும் சேர்ந்து ஓடுகின்றன. லைரா அறிய வேண்டிய எதையும் அந்தக் காட்சி முன்கூட்டித் திறந்துவிடவில்லை. தாயை மட்டும் ஆழமாக்கிற்று. சேர்க்கலாம் என்றால் இப்படிச் சேர்க்க வேண்டும்.

பெர்சி ஜாக்சன் தொடரில் சிக்கல் வேறு திசையில் வருகிறது. 'தி லைட்னிங் தீஃப்' 2005-இல் வந்த நூல். பன்னிரண்டு வயதுப் பெர்சி தான் கிரேக்கக் கடவுள் ஒருவரின் மகன் என்று அறிந்து அலைக்கழிகிற கதை. 2010-இல் வந்த படத்தில் அவனைப் பதின்பருவத்தின் பிற்பகுதிக்குத் தள்ளிவிட்டார்கள். வயதைக் கூட்டாதீர்கள் என்று ரயர்டன் தயாரிப்பாளர்களிடம் எழுதி மன்றாடியிருக்கிறார். அந்தக் கடிதங்களைப் பிற்பாடு அவரே வெளியிட்டார். 2023 டிசம்பரில் டிஸ்னி பிளஸ் எட்டுப் பகுதிகளாகத் தொடங்கிய தொடரில் ரயர்டன் தாமே பங்கேற்றார். படப்பிடிப்பு தொடங்கியபோது பெர்சியாக நடித்த வாக்கர் ஸ்கோபெலுக்குப் பதின்மூன்று வயது. வயது சரியாயிற்று. அறியாமை மட்டும் சரியாகவில்லை.

நூலில் பெர்சியும் அவனுடைய இரண்டு நண்பர்களும் பசியோடு, களைத்து, நியூ ஜெர்சியில் ஒரு சிலைக் கடைக்கு வந்துசேர்கிறார்கள். எழுத்துகள் குழம்பித் தெரிகிற பெர்சியால் பெயர்ப்பலகையைச் சரியாக வாசிக்க முடியவில்லை. உள்ளே இறைச்சி வறுபடும் வாசனை. முக்காடிட்ட ஓர் அம்மாள் அன்பாகச் சாப்பாடு போடுகிறாள். தோட்டத்தில் நிற்கும் கற்சிலைகளின் முகங்களில் பயம் உறைந்திருக்கிறது. ஒரு சிலை தன் மாமாவைப் போல இருக்கிறதே என்று நண்பர்களில் ஒருவனான குரோவர் கலங்குகிறான். படிக்கிற பிள்ளைக்கு இரண்டாம் பக்கத்திலேயே புரிந்துவிடும், இவள் தன்னைப் பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசா என்று. பெர்சிக்குப் புரியவில்லை. புத்தகத்தை உலுக்கி, ஓடுடா, ஓடு என்று கத்தத் தோன்றும். பார்ப்பவருக்குக் கூடுதலாகத் தெரிவது எப்போது நல்லது என்று கேட்டேன் அல்லவா? இதோ, இப்போது.

தொடரில் அந்தக் கடையை அடைந்ததுமே பிள்ளைகளுக்கு அவள் யாரென்று தெரிந்துவிடுகிறது. தெரிந்தே உள்ளே போகிறார்கள், தெரிந்தே உண்கிறார்கள். லாஸ் வேகாஸில் காலத்தை விழுங்கும் தாமரை விடுதியிலும் அப்படித்தான், அந்த இடத்தின் பழங்கதையை அறிந்தவர்களாகவே நுழைகிறார்கள். இதற்கு ஒரு நல்ல நோக்கமும் இருந்திருக்கிறது. தெரிந்து பேசுவதால், மெடூசா தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சொல்ல இடம் கிடைக்கிறது. அவள் வெறும் பூதமாக இல்லாமல் வஞ்சிக்கப்பட்ட பெண்ணாகத் தெரிகிறாள். அந்த உரையாடல் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வயிற்றில் எழும் அந்தக் குளிர், அது போய்விட்டது. பிள்ளைகள் எல்லோரும் புத்தகத்தைப் படித்துவிட்டார்களே, இனி என்ன மறைப்பது என்று தொடரை எடுத்தவர்கள் எண்ணியிருக்கலாம். அந்த எண்ணம் பிள்ளைகளை அறியாதவர்களுக்கே வரும். நூறு தடவை கேட்ட கதையானாலும் ஓநாய் வரும் இடத்தில் பிள்ளை கண்ணைப் பொத்திக்கொள்ளும். பிள்ளைக்குத் தெரியும், ஆனால் கதைக்குள் இருக்கும் ஆட்டுக்குட்டிக்குத் தெரியாதே. அந்த இடைவெளியில்தான் பயமும் பரிவும் பிறக்கின்றன. ஆட்டுக்குட்டிக்கும் எல்லாம் தெரிந்துவிட்டால் நாம் யாருக்காகக் கண்ணைப் பொத்துவது?

இந்தக் கணக்கை மிகச் சரியாகப் போட்ட தொடர் ஒன்றும் இருக்கிறது. லெமனி ஸ்னிக்கெட் என்ற புனைபெயரில் டேனியல் ஹேண்ட்லர் எழுதிய 'எ சீரிஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவென்ட்ஸ்'. பதின்மூன்று நூல்கள். 2004-இல் வந்த திரைப்படம் முதல் மூன்று நூல்களை ஒன்றாக நெருக்கியது. நெட்ஃபிளிக்ஸ் 2017 முதல் 2019 வரை இருபத்தைந்து பகுதிகளாக எடுத்தது. முதல் பன்னிரண்டு நூல்களுக்கு இரண்டிரண்டு, கடைசி நூலுக்கு ஒன்று. ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. கதைசொல்லியான ஸ்னிக்கெட்டை ஒரு மனிதராகவே திரையில் நிற்கவைத்தார்கள். கேடு வரப்போகிறது என்று அவர் நேராக நம்மைப் பார்த்துச் சொல்வார். எப்படி வரும் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

அதோடு அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு வியப்பாக இருந்தது. கதையின் மூன்று பிள்ளைகளும் தீயில் பெற்றோரை இழந்தவர்கள். முதல் பருவத்தில் எங்கோ சிறைப்பட்டு, தப்பித்து, தங்கள் பிள்ளைகளிடம் போய்ச் சேரத் துடிக்கும் தாயும் தந்தையும் அடிக்கடி வருகிறார்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது, நமக்குத் தெரிகிறது, பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள் என்று மனம் நிறைகிறது. கடைசியில் அவர்கள் கதவைத் திறந்து வீட்டுக்குள் போகும்போது ஓடிவந்து கட்டிக்கொள்வது வேறு பிள்ளைகள். அவர்கள் குவாக்மயர் குடும்பத்தார். நமக்குத் தெரியும் என்று நினைத்தோமே, அதுவே பொய். அந்த நிமிடத்தில் நாமும் அந்த மூன்று அநாதைப் பிள்ளைகளைப் போலவே கைவிடப்பட்டு நிற்கிறோம். புத்தகத்தில் இல்லாத இந்தத் திருப்பம் புத்தகத்தின் உயிருக்கு மிகவும் விசுவாசமானது. பெரியவர்களின் காட்சியைச் சேர்த்தும் நம்மைப் பிள்ளைகளின் பக்கம் இருத்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

லைராவிடம் திரும்பிப் போகிறேன், ஏனென்றால் அவள் கதை முடியும் விதம் இந்தக் கேள்வியோடு நேராக இணைந்தது. சிறுமியாக இருக்கும்வரை அவள் அலித்தியோமீட்டரை யாரும் கற்றுத்தராமலே வாசித்தாள். மூன்றாம் நூலின் முடிவில், வில்லை நேசித்து, அறிவும் வளர்ச்சியும் வந்தபிறகு, அந்தக் கருவி அவளுக்கு ஊமையாகிவிடுகிறது. இனி ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து படித்துத்தான் அதை மீண்டும் வாசிக்க முடியும். அறியாமையில் அருளாகக் கிடைத்ததை அறிவில் உழைத்துப் பெற வேண்டும். மூன்று நூல்களும் இந்த இடத்தை நோக்கித்தான் நடந்துவருகின்றன. 2022-இல் வந்த மூன்றாம் பருவம் இதை அவசரப்படாமல் எடுத்தது. டாஃப்னி கீனும் வில்லாக நடித்த அமீர் வில்சனும் இந்த ஆண்டுகளில் உண்மையிலேயே வளர்ந்திருந்தார்கள். புத்தகத்தில் இவ்வளவு காலம் ஓடவில்லை, ஆனால் அவர்கள் முகத்தில் தெரிந்த வயது இங்கே கதைக்குத் துணை செய்தது. கருவியின் முள் அசைந்தும் அதன் பொருள் புரியாமல் லைரா திகைக்கும்போது, அறிதல் என்பது இலவசமாகக் கிடைப்பதன்று என்று பார்ப்பவருக்கு உறைக்கிறது. முதல் பருவத்தில் பெரியவர்கள் நமக்கு இலவசமாகக் கொடுத்த செய்திகள் எல்லாம் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தன, வருத்தத்தோடு.

இந்த வருத்தம் பழைய தொடர்களோடு முடிந்துவிடுவதில்லை. ஹாரி பாட்டர் நூல்களை எச்பிஓ இப்போது நீண்ட தொடராக எடுக்கிறது. படங்களைவிட நேரம் மிகுதியாகக் கிடைக்கும் என்று வாசகர்கள் மகிழ்கிறார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். கூடவே ஒரு கவலையும் இருக்கிறது. அந்த ஏழு நூல்களும் ஏறக்குறைய முழுவதும் ஹாரியின் தோளுக்குப் பின்னாலிருந்தே சொல்லப்படுகின்றன. ஆசிரியர் ஸ்னேப் யார் பக்கம் என்று ஹாரிக்குத் தெரியாது, அதனால் நமக்கும் தெரியாது. 2007-இல் கடைசி நூல் வரும்வரை அந்த முடிச்சு அவிழவில்லை. முதல் படம் வந்தது 2001-இல். ஸ்னேப்பாக நடித்த ஆலன் ரிக்மனிடம் மட்டும் நூலாசிரியர் ரௌலிங் அந்தப் பாத்திரத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பைத் தனியே சொல்லிவைத்திருந்தார். ரிக்மன் அதை ஆண்டுக்கணக்காக யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே நடித்தார். ஹாரியைப் பார்க்கும்போது ஒரு கணம் கூடுதலாக நிற்கும் பார்வையில், சொற்களுக்கு இடையே விட்ட இடைவெளியில் அந்த ரகசியம் இருந்தது. படங்களைத் திரும்பப் பார்க்கிறவர்களுக்குத்தான் அது கண்ணில் படும்.

புதிய தொடரில் ஸ்னேப்பாக வருபவர் பாபா எசியெடு. அவருக்குத் தெரிந்த ரகசியம் இன்று எல்லோருக்கும் தெரியும். ஸ்னேப் தனியறையில் என்ன செய்கிறார், யாரை நினைத்து அழுகிறார் என்று முதல் பருவத்திலேயே காட்டிவிட நேரமும் இருக்கும், பணமும் இருக்கும், குழந்தை நடிகர்கள் வகுப்புக்குப் போயிருக்கும் வேளையில் காலியாகக் கிடக்கும் படப்பிடிப்புத் தளமும் இருக்கும். அதை எழுதுகிறவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். ஸ்னேப்பின் கதவைத் திறக்க ஹாரி வரும்வரை அது பூட்டியே இருக்கட்டும்.